ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம்

அரவேனு தாண்டியதும் சில்வர் ஓக் வரிசை.
வெயில், நிழல், வெயில், நிழல்.
வண்டி ஓடுகிற வேகத்தில்
யாரோ என் கண்ணுக்குள்
சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள்.
பிறகு பார்வையின் வலது ஓரத்தில்
ஒரு குட்டி மலைப்பாதை முளைக்கும்,
மடிந்து மடிந்து மினுங்கும் கொண்டை ஊசி வளைவுகளோடு.
கண்ணை மூடினாலும் அது மூடாது.
இருபது நிமிடத்தில் வலி ஏறிவிடும்.
அதற்குள் டிக்கெட்டைப் போட்டு முடிக்க வேண்டும்.

ஐந்நூறு நீட்டிய அம்மாவிடம்
ஒருநாள் ஐம்பதுக்குக் கணக்குச் சொன்னேன்.
நோட்டில் ஒரு பூஜ்யம் இருந்த இடத்தில்
வெளிச்சம்தான் இருந்தது.
"ஏமாத்தப் பாக்கறியா?"
பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.
எனக்குப் பாதி பஸ்தான் தெரிந்தது.

பித்தம் என்றார்கள். கண்ணாடி போடு என்றார்கள்.
திருஷ்டி என்று டெப்போவில் ஒருவர்
எலுமிச்சை கொடுத்தார். ஜூஸ் போட்டுக் குடித்தேன்.
இந்த மலையே புட்டியில் அடைத்து விற்கிற தைலம்
எனக்கு மட்டும் ஆகாது:
மூடியைத் திறந்தாலே குமட்டும்.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷம்ஷாத்
எங்கே வலிக்கிறது என்று கேட்டதோடு விடவில்லை.
காலையில் என்ன சாப்பிட்டீங்க?
வர்க்கி, டீ.
மத்தியானம்?
மேட்டுப்பாளையத்தில் கூட்டம் இல்லையென்றால் சோறு.
இருந்தால்?
டீ.
மாத்திரை?
சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்தேன்.
மாதத்தில் பதினாறு நாள் என்று கணக்கு வந்தது.
"இதுல பாதி வலி, மாத்திரையால வர்ற வலி."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
எழுதிட்டு வாங்க, என்றார்.

வீணாய்ப்போன ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதினேன்.
*செவ்வாய். நாலே முக்காலுக்கு எழுந்தேன். இட்லி மூன்று.
தண்ணீர் ஒரு பாட்டில், முழுதாக இல்லை. வலி இல்லை.*
*வியாழன். குஞ்சப்பனையில் மரம் விழுந்து இரண்டு மணி நேரம்.
சாப்பாடு நாலு மணிக்கு. இடது பக்கம். வாந்தி.*
*ஞாயிறு. லீவு. பத்து மணிக்கு எழுந்தேன். வலி.*
*ஞாயிறு. லீவு. வலி.*
*ஞாயிறு.*

விமலராணி அதை வாங்கிப் பார்த்தாள்,
கொழுந்து மூட்டையை எடை போடுகிற கண்ணால்.
"ரோட்டைத் திட்டுற, வெயிலைத் திட்டுற.
இது லீவு நாளா பாத்துல்ல வருது,
விருந்தாளி மாதிரி."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் நாலே முக்கால்.
நாய்கூட எழுந்திருக்காத பனியில்
லீவு எடுத்தவன் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறேன்.
தூக்குப்போசியில் எலுமிச்சை சோறு;
கூட்டமோ இல்லையோ, பன்னிரண்டரைக்குத் திறப்பேன்.
டீ இரண்டோடு சரி. மூன்றாவதைக் கேட்கும் நாக்கை
நானே விசில் அடித்து நிறுத்துவேன்.
மூன்று வாரம் மாத்திரை இல்லாமல் கிடந்ததை மட்டும்
இங்கே எழுதப்போவதில்லை.

டிரைவர் பெள்ளி எதுவும் கேட்கவில்லை.
இறங்கும்போது பாட்டு போடுவதை நிறுத்திவிட்டார்.
ஏன் என்று கேட்டவர்களுக்கு
ஸ்பீக்கர் ரிப்பேர்.
ஏறும்போது அந்த ஸ்பீக்கர் நன்றாகப் பாடும்.

போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை.
நேற்று சீசன் கூட்டம், நிற்க இடமில்லை,
குஞ்சப்பனைக்கு மேலே மறுபடி அந்தக் குட்டிப் பாதை.
முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு
மேட்டுப்பாளையம் வரை போவேன்.
நேற்று ஒரு விசில்.
வண்டி நின்றது.
தண்ணீர். ஒரு மாத்திரை. தொப்பியைக் கண்வரை இறக்கி
கடைசி சீட்டில் மூன்று நிமிடம்.
"என்ன கண்டக்டர், தூக்கமா?" என்றான் ஒரு காலேஜ் பையன்.
ஆமாம் என்றேன்.
இரண்டு விசில்.

*குஞ்சப்பனை, 11.20. வெளிச்சம் வந்தது. உடனே மாத்திரை.
இந்த மாதம் இரண்டாவது.
வலி வந்தது, பாதி வழியில் இறங்கிக்கொண்டது.
சில்லறை சரியாக இருந்தது.*