நானூற்றிப் பதினேழாவது திரளி

வட்டுவாகல் பாலத்தில் கமராவைக் கட்டிவிட்டு
ஆறேகாலுக்கு எண்ணத் தொடங்குகிறேன்.
நந்திக்கடல் இன்று பால் விடாத தேத்தண்ணி நிறம்.
அதற்குள் சாணளவுத் திரளிகள், அறுநூறுக்குக் குறையாது.
பெயரிலேயே திரள் இருக்கிற மீன்.

வீச்சுவலையைத் தோளில் போட்டபடி
சிலுவைராசா கேட்கிறார்:
"இதில எது வழிகாட்டி?"
ஒன்றுமில்லை என்கிறேன்.
"பிறகெப்பிடி எல்லாம் ஒரே வெட்டில திரும்புது?"

விதி சின்னது.
ஒரு முழத்துக்குள் யார் யார் என்று பார்,
அவர்கள் போகும் திசைகளின் சராசரியை எடு,
கொஞ்சம் பிழை கலந்து நகர்.
நீரோட்டம் தள்ளுவதில்லை;
ஒவ்வொன்றும் தான் தின்றதைச் செலவழித்தே போகிறது.
பிழையைக் குறைத்துக்கொண்டே வந்தால்
ஏதோவொரு புள்ளியில், திடீரென்று,
குழம்பிக் கிடந்ததற்கு ஒரு முகம் வந்துவிடும்.

அறிவியல்நகர் அறையில்
இரவிரவாய் அம்புக்குறிகளை ஓடவிடுவேன்.
அவற்றுக்குப் பசியில்லை, மூட்டைமுடிச்சில்லை.
பெட்டியின் வலச்சுவரில் மறைந்தால்
இடச்சுவரால் உள்ளே வரலாம்.
முடிவில்லாத வெளி என்று
கணினியை நம்பவைக்க அப்படியொரு ஏற்பாடு.

எங்களுக்கு அந்த ஏற்பாடு இருக்கவில்லை.

அந்த வைகாசியில், இதே பாலத்தில்,
எனக்கு ஒன்பது வயது.
என்னுடைய ஒரு முழம்
அப்பாவின் சைக்கிள் கரியலில் ஆடிய மண்ணெண்ணெய்க் கான்.
அது திரும்பத் திரும்பினேன்.
அது நிற்க அதில் போய் மூக்கை இடித்தேன்.
எல்லோரும் வடக்கே.
ஒருத்தி மட்டும் தெற்கே வந்தாள்,
"தர்மிகா, தர்மிகா" என்றபடி.
கூட்டம் அவளுக்கு ஓராள் அகலம் விட்டது,
உடனே பின்னால் மூடிக்கொண்டது.
தண்ணீர் போல என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.
தண்ணீருக்கு முழங்கை இல்லை.

போன கிழமைப் பதிவில் ஒன்று,
இலக்கம் நானூற்றிப் பதினேழு,
நாற்பது நொடி முழுக்கூட்டத்துக்கும் எதிரே நீந்துகிறது.
மேற்பார்வையாளர் பென்சிலால் வளையம் போட்டார்:
"இது வெறும் இரைச்சல். எடுத்துவிடுங்கள்,
வளைகோடு சுத்தமாய் வரும்."
எடுத்தேன். வந்தது.
இரவு பதினொன்றுக்கு எழும்பித் திரும்பச் சேர்த்தேன்.
ஏனென்று ஆய்வேட்டில் எழுத
ஒரு வசனம் இன்னும் கிடைக்கவில்லை.

வலை வட்டமாய் விரிந்து விழுகிறது.
கூட்டம் இரண்டாய்ப் பிளந்து
பாலத்தூணுக்கு அப்பால் ஒன்றாகிறது.
சிலுவைராசா ஒரு மீனைத் தூக்கிக் காட்டுகிறார்.
இடக்கண் இல்லை;
பழைய காயம், தோல் மூடியிருக்கிறது.
"பிள்ளை, இதுவோ உம்மட நானூற்றிப் பதினேழு?"

மேலிருந்து எடுத்த படத்தில்
மீன் என்பது ஒரு கோடும் ஒரு திசையும்தான்.
கண் பதிவாவதில்லை.

வால் அடித்துக்கொண்டிருக்கிறது.
பறிக்குள் போடாமல், விடாமல்,
நான் சொல்லட்டும் என்று
அவர் அதைப் பிடித்தபடி நிற்கிறார்.