புள்ளி

பத்து நாற்பதுக்கு
மருத்துவமனைப் பாத்திர அறையின் விளக்கை அணைக்கிறேன்.
கூந்தலை இறுக்கி முடிந்து
ஜாக்கெட்டின் தொப்பிக்குள் தள்ளுகிறேன்.
காதில் எதையும் மாட்டுவதில்லை.
முன்பு பாட்டுக் கேட்டபடி நடந்த ஒருத்தி இருந்தாள்.
அவளுக்கு இருபத்தாறு வயது,
பீல் நகரம் புதுசு.

ரயில் நிலையத்தடிச் சுரங்கப்பாதை குறுக்கு வழி.
நான்கு நிமிஷம் மிச்சம்.
நான் சுற்றித்தான் போகிறேன்,
கபாப் கடைக்காரர் நாற்காலி அடுக்கும் சத்தம்
கேட்கிற பக்கமாக.
நான்கு நான்கு நிமிஷமாகக் கூட்டிப் பார்த்தால்
என்னுடைய எத்தனை இரவு நித்திரை
அந்தத் தெருவில் கொட்டிக் கிடக்கும்!

செலாம் எதிர்த் திசைக்காரி.
அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் திக்ரின்யா தெரியாது.
உடை மாற்றும் அறையில்
உடைந்த ஜெர்மனும் அதைவிட உடைந்த பிரெஞ்சுமாக
ஒப்பந்தம் செய்துகொண்டோம்:
கதவைப் பூட்டியதும் ஒரு புள்ளி அனுப்ப வேண்டும்.
சொல் வேண்டாம். புள்ளி போதும்.
வராவிட்டால் அழைப்பு.
அதற்கும் பதில் இல்லையென்றால் பொலிஸ்.
எங்கள் போனை யாராவது திறந்தால்
மூன்று வருஷத்துப் புள்ளிகள்,
கோடு இழுக்க ஆளில்லாமல் விட்ட கோலம் மாதிரி.

சாவியை விரலிடுக்கில் பிடிப்பதும்
டிரைவருக்குப் பின் இருக்கையில் அமர்வதும்
இரண்டாம் மாடி வரை
ஒவ்வொரு விளக்கும் எரியக் காத்து நிற்பதும்
முகம் தெரியாதவனுக்காக.

மாசி மாதத்து மழை, பாதி பனி.
பஸ் தரிப்பிடத்தில் ஒரு கார் வந்து நிற்கிறது.
தவபாலன் அண்ணை.
தேர்த் திருவிழாக் கணக்கு அவர் கையில்தான்.
எங்கள் கல்யாண ஆல்பத்தில்
ஏழு படத்தில் நிற்கிறார்.

"ஏறும் பிள்ளை, ஏன் நனையிறீர்?"

பக்கத்து இருக்கையில் கிடந்த பையை
எடுத்துப் பின்னுக்குப் போடுகிறார்.
போன வருஷம் சீட் பெல்ட் பூட்டிவிட நீண்ட கை
பூட்டிய பிறகும் அங்கேயே இருந்தது.
நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.
ஒரு சிவப்பு விளக்கு.
இன்னொரு சிவப்பு விளக்கு.
இறங்கும்போது "நன்றி அண்ணை" என்றும் சொன்னேன்.

இப்போது "இல்லை" என்றேன்.

பஸ் வருது என்று சேர்த்திருக்கலாம்.
அவர் கூப்பிட வாறார் என்று
ஒரு புருஷனை இழுத்துவந்து நிறுத்தியிருக்கலாம்.
சேர்க்கவில்லை.
அந்த ஒற்றைச் சொல்
என்னோடு மழையில் நனைந்துகொண்டு நின்றது.

கண்ணாடி மெல்ல ஏறியது.
மூடுமுன் இடுக்கு வழியே
"சரியான கொழுப்பு" என்று விழுந்தது.
நாளைக்கு அது கோயில் வாசலில்
என் செருப்புக்கு முன்னால் போய் நிற்கும், தெரியும்.

பஸ்ஸுக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிஷம்.
குளிரில்தான் கால் நடுங்குகிறது என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீடு. பூட்டு. சங்கிலி.
புள்ளி வைக்கப் போன விரல் நின்றது.
பிழை பிழையான ஜெர்மனில் எழுதினேன்:
இன்று ஒருவனுக்கு இல்லை சொன்னேன்.
தெரிந்தவன்.

அவள் எழுதுகிறாள் என்று திரை காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.
சப்பாத்தைக் கூடக் கழற்றாமல்
நிலத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன்.

வந்தது:
என்னுடையவனின் கார் நீலம்.

பிறகு போன் அடித்தது.
மணி பன்னிரண்டு ஐந்து.
எடுத்தேன்.