பனி தேடும் கண்ணாடி

இந்தத் தீவுக்கு நெருப்பு நிலம் என்று பெயர்.
இந்த வாயிலுக்குள் தீக்குச்சி கூடாது,
கைபேசி கூடாது, நைலான் சட்டை கூடாது.
யாஸ்னா பாவிசிச் பைகளைத் தடவிப் பார்க்கிறாள்:
சாவி, ரொட்டி, மகனின் மூக்கைத் துடைத்த கைக்குட்டை.
சரி, போகலாம்.

ஜூலை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.
வேலிக்கு அப்பால் ஆடுகள்
காற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன.

திரையில் வாயுவின் பனிநிலை
மைனஸ் பன்னிரண்டிலிருந்து
மைனஸ் மூன்றுக்கு ஏறியிருக்கிறது.
"மீட்டர் பொய் சொல்லுது" என்கிறார் பாரியெந்தோஸ், வாக்கிடாக்கியில்.
"கிளைக்கால் படிஞ்சிருக்கும். துடைச்சிட்டு வா."

அந்த மீட்டருக்கு மின்சாரம் பிச்சைபோலத்தான் வருகிறது.
கம்பி அறுந்து பொறி தெறித்தாலும்
ஒரு மூச்சு வாயு பற்றாது,
அவ்வளவு ஏழ்மை.
ஏழை என்பதால்தான் இங்கே வாழவிட்டார்கள்.
அதன் பேச்சு எடுபடாததும் அதனால்தானோ.

துடைத்தாள். மைனஸ் மூன்று.
மறுபடி துடைத்தாள்.
மைனஸ் இரண்டு புள்ளி எட்டு.

அலமாரியிலிருந்து பழையதை எடுத்தாள்:
மின்சாரமே வேண்டாத கனத்த உலோகக் குடுவை,
எட்டிப்பார்க்க ஒரு துளை,
உள்ளே கட்டைவிரல் நகத்தளவு கண்ணாடி.
குழாய் வாயு அதன்மேல் வீசிக்கொண்டிருக்க
நிமிஷத்துக்கு ஒரு டிகிரி குளிரவிட வேண்டும்.
அவசரப்படுத்தினால்
அதுவும் எதையாவது சொல்லிவைக்கும்.

எண்ணெய் ஆவி என்றால் வானவில் நிறம் படரும்.
தண்ணீர் என்றால் நடுவில் வெள்ளை,
யாரோ வாய்வைத்து ஊதியதுபோல.

ஐந்து. நான்கு. மூன்று.
கண்ணில் நீர் முட்டியது, இமைக்கவில்லை.
பூஜ்யம்.
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று.
வானவில் வரட்டும் என்று நினைத்தாள்.
வானவில் வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இரண்டு.

வெள்ளை வந்தது.

ஈரவாயு இந்தக் குளிரில் குழாய்க்குள்ளேயே கட்டியாகும்.
பார்க்கப் பனிக்கட்டி, பற்றவைத்தால் எரியும்.
ஒருபக்க அழுத்தத்தில் பிடி விட்டால்
வளைவில் இரும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

"லைனை மூடணும்" என்றாள்.
வாக்கிடாக்கி கொஞ்ச நேரம் இரைந்தது.
"ஊர்ல நானூறு அடுப்பு, யாஸ்னா. இந்த ராத்திரியில."
"நானூத்தி ஒண்ணு. என்னோடதை விட்டுட்டீங்க."

சக்கரம் முதல் சுற்றுக்கு மட்டும் முரண்டு பிடித்தது.
பிறகு சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பதிவேட்டில் எழுதினாள்:
ஆறு நாற்பது. தண்ணீர்.
'கருவி' என்ற கட்டத்தில் 'கண்' என்று எழுதி,
அடித்துவிட்டு,
குடுவையின் வரிசை எண்ணை எழுதினாள்.

ரொட்டி கல்லாகியிருந்தது.
கையுறையோடு பிய்த்துத் தின்றாள்.