கையும் களவுமாக

புவெர்த்தோ மோன்ட் துறைமுகத்தில் அன்று மழை.
அது செய்தி இல்லை.
அங்கே மழை பெய்யாத நாள்தான் செய்தி.

நான் திரையரங்கில் சீட்டுக் கிழிப்பவன்.
பத்தொன்பது வருடமாகக் கையில் ஒரு டார்ச்.
இருட்டில் பேசுகிறவர்களைத் தேடிப்போய்
வாயை மூடச் சொல்வது உத்தியோகம்.

படம் எங்கள் ஊரைப் பற்றியது என்றார்கள்.
சந்தியாகோவிலிருந்து வந்த இயக்குநர்
மூன்று வாரம் சால்மன் தொழிற்சாலை வாசலில் நின்று
குறிப்பெடுத்துக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.
கதை இதுதான்:
காது கேளாத ஒருத்தி,
ஹெய்ட்டியிலிருந்து வந்த ஒருவன்,
யாருக்கும் வேண்டாத இருவர்
எப்படியோ நண்பர்களாகிறார்கள்.

அந்த 'எப்படியோ'வைப் படம்
ஒரு வயலின் இசையில் தாண்டிப் போய்விட்டது.

எனக்கு அது தெரியும்.
என் மைத்துனனுக்கு அங்கேதான் இரவு ஷிஃப்ட்.
தலைவெட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கினால்
நூற்றிருபது பேரும் செவிடு.
காதடைப்பானுக்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருக்க
யஸ்னா ஒயார்சுன் மட்டும்
ரப்பர் கையுறையோடு
நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பாளாம்.
ஸ்பானிஷ் பிடிபடாமல்
ஐந்து மாதம் வாய்பார்த்து நின்ற ஃப்ரிட்ஸ்நெல்
ஒரு நாள் அவள் கையைப் பார்த்தான்.
இந்த நாட்டில் அவன் கற்ற முதல் மொழி அது.
முதல் சொல், கத்தி.
இரண்டாவது, மெதுவா.
மூன்றாவதை மைத்துனன் சொல்ல மறுத்துவிட்டான்.
மேற்பார்வையாளரைக் குறித்ததாம்.

படம் முடியப் பத்து நிமிடம்.
கடற்கரை. அவன் சாகக் கிடக்கிறான்.
எப்போதும்போல அவன்தான்.
நாயகி அழுதபடி கைகளை அசைக்கிறாள்,
புறா பறப்பதுபோல, அவ்வளவு அழகாக.
கீழே எழுத்தில்: என்னை விட்டுப் போகாதே.
அரங்கமே மூக்கை உறிஞ்சியது.
நானும்தான், பொய் சொல்வானேன்.

ஏழாம் வரிசையில் சிரிப்பு.

தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும்,
தன் சத்தம் தனக்கே தெரியாத சிரிப்பு.
பக்கத்தில் ஒருவன் முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக் குலுங்குகிறான்.
தலைகள் திரும்பின. உஸ் என்றன.
அவளுக்கா கேட்கும் உஸ்?

போனேன். டார்ச்சை அடித்தேன்.
கையும் களவுமாக என்பார்களே, அப்படி அகப்பட்டார்கள்.
வெளிச்ச வட்டத்துக்குள் நான்கு கைகள்,
பேச்சை நிறுத்தாமல்.

ஃப்ரிட்ஸ்நெல் எனக்காகக் குரலைத் தாழ்த்தினான்.
"அந்த அம்மா கையால சொன்னது:
வெங்காயம், வெங்காயம், என் கழுதைக்குக் காய்ச்சல்."
நீ ஏன் சிரிக்கிறாய் என்றேன்.
"சாகிறவன் எங்க மொழியில
கடலைப் பார்த்து, மாமியாரே நலமா என்கிறான்."

டார்ச்சை அணைத்திருக்க வேண்டும், விதி அதுதான்.
அணைக்கவில்லை.
முன் வரிசைச் சிறுமி ஒருத்தி
இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பி
மோவாயை முதுகுச் சாய்வில் வைத்து
திரையை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தாள்.
பிறகு அவள் அப்பா. பிறகு யாரோ.
எங்களுக்குப் பின்னால் ஒருவன் செத்து முடித்தான்.

பெயர்கள் ஓடித் தீரும்வரை இருவரும் எழவில்லை.
'தொழிற்சாலைத் தோழர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி.
தோழர்களுக்குப் பெயர் இல்லை.
இயக்குநரின் நாய்க்கு இருந்தது.

வெளியே மழைக்கு ஒதுங்கிச் சண்டை போட்டார்கள்.
கையோடு வாயும் சேர்ந்து பேசும் அவனுக்கு,
அதனால் பாதிச் சண்டை எனக்கும் கேட்டது.
"நான் ஏன் சாகணும்?"
அவள் ஏதோ சொன்னாள்.
"சரி, அடுத்ததுல நீ சாவு."
அவள் நீளமாக ஏதோ சொன்னாள்.
"ரெண்டு பேரும் சாகலைன்னா
டிக்கெட் யாரு வாங்குவா?"

ஷிஃப்ட் பேருந்து வந்தது.
ஏறும்போது யஸ்னா என்னைப் பார்த்து
காற்றில் ஒரு வட்டம் போட்டாள், டார்ச் வெளிச்சம்போல.
அதற்குள் இன்னொரு சொல்லை வைத்தாள்.
நன்றியாக இருக்கலாம்.
அந்த மூன்றாவது சொல்லாகவும் இருக்கலாம்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று
அதைச் செய்து பார்த்தேன்.
கட்டைவிரல் சரியாக வரவில்லை.