நிரவல் மண்

கும்புறுப்பிட்டிக்கு மேற்கே ஒண்டேகால் ஏக்கர்.
குளம் தூர்ந்து மூன்று மாரி பொய்த்தது.
புழுதியில் விதைத்தது
புழுதியிலேயே கிடந்தது.
லோன்காரன் மட்டும்
செவ்வாய் தவறாமல் வந்தான்.

டிப்பர்காரன் சொன்னான்:
"விளையாத மண்தானே அக்கா,
லோட்டுக்கு ஆயிரத்து முந்நூறு."

முழங்கால் ஆழம் கொடுத்தேன்.
நாற்பத்தொரு லோட்.
புளியங்கொட்டை வைத்து எண்ணினேன்,
அவன் முப்பத்தெட்டு என்றான்.
கீழே கிடந்தது சுக்கான்கல்லு;
மாடுகூட அதில் படுக்காது.

இப்போது நிலாவெளியில்
ஹோட்டல் துணி தோய்க்கிறேன்.
ஐப்பசியில் ஒரு மழை.
கார் விட நிரவிய இடமெல்லாம்
பச்சை.
"தவமலர், அந்தப் புல்லைப் பிடுங்கிவிடு"
என்றார் மனேஜர்.

குனிந்தேன்.
ஒன்றை இழுத்தேன்.
வேரில் ஒட்டிக்கொண்டு வந்தது உமி,
கறுப்பு.

என்னுடைய மொட்டைக்கறுப்பன்.
மழை எங்கே பெய்தால் என்ன அதற்கு?

பின்னேரம் வரை பிடுங்கினேன்.
சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

ஹோட்டல் பெயர் போட்ட ஈரத் துவாயில்
ஒரு பிடி சுற்றி
ஐந்து மணி பஸ்ஸில்
மடியில் வைத்திருக்கிறேன்.
சுக்கான்கல்லில் எதுவும் ஊன்றாது,
தெரியும்.
துவாயைக் காலையில்
திருப்பிக் கொடுக்கவேணும்.