திரிந்த வெள்ளை

கூரியர்க்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போன பெட்டி
ஐந்து மணி நேரம் வெளியே கிடந்திருக்கிறது.
சஸ்கட்டூனில் அன்றைக்கு மைனஸ் முப்பத்திரண்டு.
மூடியைத் திறந்து பிழிந்தால்
வெள்ளை அக்ரிலிக்
திரிந்த பாலாக வந்தது,
தண்ணீர் தனி, கட்டி தனி.
தூக்கிப் போட மனமில்லை.
இருபத்து மூன்று டாலர்.

நிலவறையில், ஃபர்னஸுக்குப் பக்கத்தில்,
இஸ்திரி மேசைதான் என் பட்டறை.
தாளின் நான்கு ஓரமும் நாடா ஒட்டி இறுக்கியபின்
முதலில் தண்ணீர். வெறும் தண்ணீர்.
தாள் கோபித்து உப்பும்,
சமாதானமாகும் வரை பொறுக்க வேண்டும்.
பதினோரு தாள் பாழான பிறகு தெரிந்துகொண்டது இது.

அப்புறம் ஊதா மை, ஒரே ஒரு சொட்டு.
விழுந்த இடத்தில் அது இருக்காது,
ஈரம் எங்கே, ஈரம் எங்கே என்று
விசாரித்துக்கொண்டே போகும்.
ஈரம் முடிகிற இடத்தில் சட்டென்று நின்று
தனக்குத் தானே ஒரு கரை கட்டிக்கொள்ளும்.
நான் செய்வது
தாளைக் கொஞ்சம் சாய்ப்பது,
பிறகு சாய்த்ததற்காக வருந்துவது.

இரவு வேலையில்
பனி வாரும் வண்டிகளை அனுப்புகிறவள் நான்.
திரையில் எல்லாத் தெருவுக்கும் பெயர் உண்டு,
முதலில் எது, பிறகு எது என்கிற வரிசை உண்டு,
வாராத சந்துக்காகத் திட்ட ஒரு தொலைபேசி உண்டு.
வீட்டுக்கு வந்தால்
எங்கேயும் போய்ச் சேராத கோடு ஒன்று
வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை
ஜம்பர் கேபிள் கேட்டு வந்த மாசிலாமணி
படியிறங்கி வந்து நின்றார்.
தலையை இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார.்
"இது என்னம்மா?"
"ஒன்றுமில்லை சார்."
உண்மையான பதில் அதுதான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.
"அரூப ஓவியம்" என்றேன்.
"அரூபத்துக்கும் ஒரு முகம் வேண்டாமா?
இதோ தும்பிக்கை, இதோ காது,
அட, பிள்ளையார்!"
கன்னத்தில் போட்டுக்கொண்டு கேபிளோடு போனார்.
முதல் திருகலிலேயே
அவர் கார் கிளம்பிய சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எனக்கும் யானைதான்.
மூன்று நாள் அலைந்த ஊதா
ஒரு நொடியில் விலங்காகிவிட்டது.
தாளைத் தலைகீழாக வைத்தேன்,
தலைகீழ் யானை.
கண்ணைச் சுருக்கினேன்,
சின்ன யானை.

திரிந்த வெள்ளையை எடுத்து
காலாவதியான வங்கி அட்டையால்
வழித்து வழித்துப் பூசினேன்,
கட்டியும் செதிலுமாக,
காது போய், தும்பிக்கை போய்,
தாள் முழுக்க ஜனவரி ஆகும் வரை.
நாடாவைக்கூடப் பிரிக்காமல் வேலைக்குப் போய்விட்டேன்.

காலை ஏழரைக்கு
இமையில் உறைந்த பனி கரையக் கரையப் பார்க்கிறேன்.
அந்த ஊதா, தண்ணீரில் கரையும் சாதி.
காய்ந்துவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.
வெள்ளையின் ஈரத்தைக் குடித்துக் குடித்து
மேலே ஏறி வந்திருந்தது.
ஆனால் யானையாக அல்ல.
கட்டிக்கும் கட்டிக்கும் இடையே இருந்த வெடிப்புகளில் மட்டும்,
அங்கங்கே அரும்பி,
ஓரிடத்தில் கிட்டத்தட்ட இளஞ்சிவப்பாக,
ஓரிடத்தில் வர மறுத்து.

கையுறையைக் கழற்றாமல்
ரொம்ப நேரம் நின்றேன்.
நான் வரைந்தது இல்லை இது.
வரையாதது என்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த தாளில் நல்ல வெள்ளையைப் பூசிப் பார்த்தேன்.
வழவழவென்று சுவராக நின்றது.
ஊதா வந்தது,
நனைந்த சட்டையில் பேனாக் கறை மாதிரி. சீ.

இன்றிரவு
வேலைக்குக் கிளம்பும்போது
புது வெள்ளை டப்பா ஒன்றை
வேண்டுமென்றே வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.
மைனஸ் இருபத்தொன்பதுதான், போதுமா தெரியவில்லை.
கேபிளைத் திருப்பித் தர வருகிற மாசிலாமணி
பாவம் மறந்துவிட்டாள் என்று
கதவிடுக்கில் பத்திரமாக எடுத்து வைத்துவிடாமல்
இருக்க வேண்டும்.