அடிமேடை

நகராட்சி அச்சடித்த கணக்கெடுப்புத் தாளில்
ஏழு கட்டங்கள்.
பஸ், லாரி, கார், ஆட்டோ, டூவீலர், சைக்கிள்,
கடைசியில் மாட்டுவண்டி.
அது எந்த வருஷத்துத் தாளோ.

மன்னார்குடி எண்ணெய்க்கடை முக்கில்
பூட்டிய அடகுக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு
காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை
கோடு கிழித்தேன்.
நிமிர்ந்தது நாலு, குறுக்கே சாய்ந்தது ஒன்று, ஐந்து.
லாரிக் கட்டம் எட்டரைக்குள் நிரம்பிவிட்டது.
கொள்முதல் நிலையத்து மூட்டைகளோடு வருபவை
வளைவில் நெல் சிந்திக்கொண்டே திரும்பும்.
கொத்த இறங்கும் புறாவுக்கு
டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

நடப்பவர்களுக்குக் கட்டம் இல்லை.
மாட்டுவண்டியை அடித்துவிட்டு
'ஆள்' என்று எழுதினேன்.
ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை அது.
தாளின் முதுகுக்குப் போனேன்.

முத்துப்பேட்டை மடவையைக் கூடையில் சுமந்த அமிர்தவல்லி
நடுரோடு வரை வந்தாள்,
பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி ஓடினாள்,
மறுபடி வந்தாள்.
அவளை மூன்றாக எண்ணியிருக்கிறேன்.
திருத்தவில்லை.

போன தையில் இதே இடத்தில்
ஒரு சைக்கிளைச் சுற்றிப் போலீஸ்காரர் சுண்ணாம்பில் வரைந்தார்.
இந்த முக்கில் இதுவரை போடப்பட்ட வெள்ளைக்கோடு
அது ஒன்றுதான்.

பாமணி ஆற்றில் ஷட்டர் உண்டு.
எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று
முறை வைத்து, சாவி வைத்து, லஸ்கர் வைத்து
தண்ணீரைப் பிரித்து அனுப்பத் தெரிந்த சீமை.
ரோட்டைக் கடக்க மட்டும்
ஆளுக்கு முறை கிடையாது.

மதிப்பீடு இருபத்திரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
நடைபாதை, வரிக்கோடுகள், நாலு மூலைக்கும் சாய்தளம்,
சிக்னல்,
நடுவில் ஆள் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு.
'நிதி ஆதாரம்' என்ற இடத்தைக் காலியாக விட்டு
பொறியாளர் தியாகசுந்தரம் கையெழுத்துப் போட்டார்.

மாவட்டத்துச் சாலைப் பாதுகாப்பு நிதி
அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றது.
நெடுஞ்சாலைக்காரர்கள்
ரோடு எங்களுடையது, முக்கு உங்களுடையது என்றார்கள்.
மன்றக் கூட்டத்தில் வடை வந்து சேர்வதற்குள்
நடைபாதை போயிற்று.
சாய்தளம் போயிற்று.
வரிக்கோடும் சிக்னலும் அடுத்த கூட்டத்துக்குப் போயின.
"ஏற்கெனவே வாங்குற திட்டு போதாதா?" என்றார் ஒரு கவுன்சிலர்.
எல்லாரும் சிரித்தார்கள்.
திட்டும் போயிற்று.

மிஞ்சியது உயர்கோபுர மின்விளக்கு.
அதில் பெயர்ப்பலகை வைக்கலாம்.
ஆறு லட்சத்து எண்பதாயிரம்.
ஒருமனதாக நிறைவேறியது.

அன்று சாயந்திரம் எல்லாரும் போனபின்
படத்தை மறுபடி விரித்தேன்.
கம்பத்துக்கு அடிமேடை வேண்டுமே.
ஐந்தடிக்கு ஐந்தடி போடுவது வழக்கம்.
நான் அகலம் ஏழு, நீளம் பதினெட்டு போட்டேன்.
உயரம் ஆறங்குலம்,
முழங்கால் வலிக்காரரும் ஏறுகிற அளவு.
இரண்டு முனையிலும் சரிவு.
கான்கிரீட்டுக்குக் கூடுதலாக நாற்பத்தோராயிரம் ஆனது.
பெயர்ப்பலகையைக் கிரானைட்டிலிருந்து
தகரத்துக்கு மாற்றினேன்.
கணக்கு சரியாக வந்தது.

தியாகசுந்தரம் வெகுநேரம் பார்த்தார்.
பேனா மூடியைக் கடித்தார்.
"கம்பம் ரொம்பப் பருமனோ?"
"மண்ணு சார்" என்றேன். "வெறும் வண்டல்."
என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஐப்பசி.
ஆறு விளக்கில் இரண்டு எரிகின்றன.
மழை சாய்வாகப் பெய்கிறது.
அடிமேடையில் அமிர்தவல்லி கூடையை இறக்கி வைத்திருக்கிறாள்.
ஒரே குடையில் மூன்று பள்ளிக்கூடப் பெண்கள்.
யாருடையதோ ஒரு ஆடு.
திருத்துறைப்பூண்டி பஸ் போகட்டும் என்று
நிற்கிறார்கள்.

என் மேசையில் ஒரு தாள்.
தணிக்கைத் தடை எண் பதினான்கு:
அடிமேடை தேவைக்கு மிகையாக உள்ளது. விளக்கம் தருக.

எழுதினேன்:
ஐயா, இது ஆறு கொண்டுவந்து போட்ட மண்.
பாரம் தாங்காது.
நிற்பதற்கு அகலம் வேண்டும்.
மேலும் மூன்று முக்குகளில்
மண் பரிசோதனைக்கு அனுமதி கோருகிறேன்.